நான்காம் வகுப்பு வரை

(கலசப்பாக்கத்தில் நிகழ்த்திய அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கிய மன்றத்தின் நினைவுச் சொற்பொழிவில் கவிதையைப் பற்றியோ நாவலைப் பற்றியோ பேசுவது வழக்கம். நான் தொடக்கப் பள்ளியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அங்கே நம் பிள்ளைக்கு எப்படிப் பாடம் நடக்கிறது, ஓராண்டு முடியும்போது அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது, இதை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் என் பேச்சு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் பாடம் நடத்தியவன் என்ற ஒரே தகுதியில் பேசுகிறேன்.

பண்டிதரிடமிருந்தே தொடங்கலாம். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அவர் கோயில் நுழைவைப் பற்றிக் கேட்டார். மறுத்தார்கள். உங்கள் சாமி உங்களோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு அவர் வேறு இரண்டைக் கேட்டார். ஒன்று, தரிசு நிலம். மற்றொன்று, ஊர்தோறும் பள்ளிக்கூடம் வைத்து நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி. நிலமும் எழுத்தும் ஒரே மூச்சில் கேட்கப்பட்ட கோரிக்கைகள். நிலத்தைப் பற்றி நம் இயக்கங்கள் நிறையப் பேசியிருக்கின்றன. பஞ்சமி நிலம் என்றால் இங்கே இருக்கிற கல்லூரி மாணவர்களுக்கும் தெரியும். அந்த இரண்டாவது கோரிக்கையின் கடைசிச் சொற்களை மட்டும் நாம் சரியாகக் கவனிக்கவில்லை. ஏன் நான்காம் வகுப்பு வரை?

அதற்கான பதில் 35 ஆண்டுகள் கழித்துப் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கிடைக்கிறது. 1927 மார்ச் மாதம், கல்வி மானியத்தின் மீது அண்ணல் அம்பேத்கர் பேசினார். தொடக்கப் பள்ளியில் சேரும் 100 பிள்ளைகளில் 18 பேர்தான் நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள், மற்ற 82 பேரும் மறுபடி எழுத்தறியாதவர்களாகவே ஆகிவிடுகிறார்கள் என்று கணக்குக் காட்டினார். தொடக்கக் கல்வியின் நோக்கமே, உள்ளே நுழையும் பிள்ளை எழுத்தறிவு பெற்று, அந்த எழுத்தறிவோடு ஆயுள் முழுக்க இருக்கவேண்டும் என்பது அவர் வாதம். பாதியில் விட்ட பிள்ளைக்குப் போட்ட பணமும் வீண், அந்தப் பிள்ளையின் காலமும் வீண். நான்காம் வகுப்பு என்பது ஒரு எல்லைக்கல். அதைத் தாண்டினால் எழுத்து கையில் தங்கும், தாண்டாவிட்டால் நழுவிவிடும்.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் சேர்கிறார்கள். ஐந்தாம் வகுப்புக்கு முன் நின்றுவிடுகிறவர்கள் மிகக் குறைவு. 1956இல் தொடங்கிய மதிய உணவு, 1982இல் வந்த சத்துணவு, 2022இல் வந்த காலை உணவு என்று ஒவ்வொன்றும் நம் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தன. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பசியோடு படித்தவர்களுக்கு அந்தச் சோற்றின் அருமை தெரியும். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அன்றைக்கு அந்த 82 பேர் பள்ளியை விட்டு வெளியே போனார்கள், அதனால் கண்ணுக்குத் தெரிந்தார்கள். இன்றைக்கு எழுத்து வராத பிள்ளை வெளியே போவதில்லை. சீருடை போட்டுக்கொண்டு, வருகைப் பதிவேட்டில் தினமும் இருந்துகொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே ஐந்து வகுப்பையும் தாண்டிப்போகிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

நான் மிகைப்படுத்தவில்லை. ஏசர் என்ற ஆய்வு கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறது. 2022இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில், மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களில் 100க்கு 20 பேர் சுமாராகத்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. ஐந்தாம் வகுப்பில் 100க்கு 43 பேர். தமிழ்நாட்டின் எண்கள் அந்த ஆண்டு இதற்கும் கீழே இருந்தன. கொரோனாவின் பள்ளமும் அதில் சேர்ந்திருந்தது உண்மை. ஆனால் 2018லேயே நாட்டின் ஐந்தாம் வகுப்புக் கணக்கு பாதியைத்தான் தொட்டிருந்தது. சேரியிலும் மலையிலும் இருக்கிற பிள்ளைகளைத் தனியாக எடுத்து எண்ணினால் என்ன கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் தெருவில் உங்களுக்கே தெரியும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கலசப்பாக்கத்தில் நின்று மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை தெரிகிறது. செய்யாறு அங்கிருந்துதான் இறங்கி வருகிறது. இந்தச் சமவெளிக்கும் மேலே இருக்கிற மலைக்கும் நடுவே நம் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிகள் ஒரே வகை அல்ல. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்று. ஆதிதிராவிடர் நலப் பள்ளி இன்னொன்று. மலைக்கு மேலே போனால் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. வனத்துறையே நடத்தும் பள்ளிகளும் அங்கே உண்டு. ஒரே பாடப்புத்தகம், ஆனால் மேலே இருக்கும் துறை வேறு, பணி மாறுதல் விதி வேறு, ஆய்வுக்கு வரும் அதிகாரி வேறு.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1920களில் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை, ஊர்ப் பள்ளிகள் சேர்க்காத நம் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி திறந்தது. வயதானவர்கள் இன்றும் ‘லேபர் ஸ்கூல்’ என்று சொல்வார்கள். அது பிறகு அரிஜன நலப் பள்ளி ஆயிற்று, அப்புறம் ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆயிற்று. கதவை மூடியவர்களுக்கு எதிராகத் திறந்த கதவு அது. அங்கே படித்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். இந்தப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழுவும், 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம், எல்லாப் பள்ளிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வரட்டும் என்று பரிந்துரைத்தது. இதில் நமக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. தனித்துறை போனால் நமக்கென்று ஒதுக்கிய நிதியும் பணியிடமும் போய்விடும் என்ற பயம் நியாயமானது. தனித்துறை என்ற பெயரில் யாருமே கேட்காத பள்ளியாகக் கிடக்கிறது என்ற கோபமும் நியாயமானது. பெயர்ப்பலகையைப் பற்றிய இந்த விவாதம் நடக்கட்டும். ஆனால் எந்தப் பலகை மாட்டினாலும், உள்ளே மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

உள்ளே ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்கிறது. ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம். அதாவது ஒரு நாளைக்கு 4 மணி நேரம். நம் பக்கத்துப் பள்ளிகளில் பல இப்படி ஈராசிரியர் பள்ளிகள்தான். வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு. கணக்குப் போடுங்கள். இரண்டு ஆசிரியர்களின் நேரம் சேர்ந்து 480 நிமிடம். ஐந்து வகுப்புக்கும் பங்கிட்டால் ஒரு வகுப்புக்கு ஒரு நாளைக்கு 96 நிமிடம். அதற்குள் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாம். ஒரு ஆசிரியர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் அது 48 நிமிடம் ஆகிறது. மீதி இருப்பவர் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு ஏற்றவேண்டும், சிக்னல் இல்லாவிட்டால் மொட்டை மாடிக்குப் போகவேண்டும், சத்துணவுக் கணக்கும் பார்க்கவேண்டும். அப்போது என்ன நடக்கும்? கரும்பலகையில் ஒரு பாடத்தை எழுதிப்போட்டு ‘எல்லாரும் பார்த்து எழுதுங்க’ என்பார். பிள்ளைகள் எழுதுவார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அது எழுத்து அல்ல, படம் வரைதல்.

ஆசிரியரைக் குற்றவாளியாக்க நான் இதைச் சொல்லவில்லை. நானும் அந்த மொட்டை மாடியில் நின்றவன்தான். ஆனால் இரண்டு ஆசிரியர் இருந்தும், நேரம் இருந்தும், சில பிள்ளைகளிடம் மட்டும் பாடம் போய்ச் சேராத வகுப்பறைகளையும் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் கேள்வி கேட்பது முன்வரிசையிடம். பதில் சொல்வதும் அவர்கள். பின்வரிசை தலையாட்டும். ‘அதுங்க வீட்ல சொல்லித்தர ஆள் இல்ல சார், என்ன பண்றது?’ என்று ஒரு வாக்கியம் எல்லா ஆசிரியர் அறையிலும் கேட்கும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளை என்பது, அதற்குக் கூடுதலாகச் சொல்லித்தரவேண்டும் என்பதற்கான காரணம். அதையே சொல்லித்தராததற்கு சாக்காக ஆக்கிக்கொள்கிறோம். வீட்டில் சொல்லித்தர ஆள் இருந்தால் பள்ளிக்கூடம் எதற்கு?

அதைவிட மோசமானதும் நடக்கிறது. 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டாரத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாக வழக்குப் பதிவாகி, தலைமையாசிரியர் கைதானார். கழிவறை கழுவும் நேரத்தில் அந்தப் பிள்ளை பாடத்தில் இல்லை என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். அவமானம் ஒரு இழப்பு, போன பாடம் இன்னொரு இழப்பு. இரண்டாவதை யாரும் வழக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொரு சின்ன விஷயம். சின்னதாகத்தான் தெரியும். நம் வட ஆற்காட்டுப் பேச்சில் ழகரம் யகரமாகும். ‘வாயப்பயம்’ என்போம், ‘கொயந்த’ என்போம். ஒரு பிள்ளை புத்தகத்தில் ‘வாழைப்பழம்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ‘வாயப்பயம்’ என்று வாசிக்கிறது. வகுப்பு சிரிக்கிறது, ஆசிரியரும் சிரிக்கிறார். அந்தப் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தப் பிள்ளை சரியாக வாசித்துவிட்டது. துணைக்காலும், கொம்பும், புள்ளியும் கடந்து எழுத்துகளைக் கூட்டிப் பொருளைப் பிடித்து, தன் வீட்டு வாயால் சொல்லியிருக்கிறது. வாசிப்பு முடிந்தது. உச்சரிப்பு இன்னொரு நாள் பாடம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் ஆசிரியத் தொழில். மலையிலிருந்து இறங்கி வரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கு இது இன்னும் பொருந்தும். அதன் தமிழ் பிழையான தமிழ் அல்ல, வேறொரு தமிழ்.

கற்பிக்கும் முறையைப் பற்றி யோசித்தவர்கள் நமக்கு முன்பே இருந்தார்கள். 1894இல் ஆல்காட் அடையாறு ஊரூரில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று அது பரவியது. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கென்று 1906இல் ஒரு கையேடே அச்சாயிற்று. விளையாட்டும் பொருள்களும் வைத்துச் சொல்லித்தரும் கிண்டர்கார்டன் முறையை, பணக்காரப் பிள்ளைகளுக்கே அரிதாக இருந்த காலத்தில், சேரிப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். நம் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டியது ஏதோ ஒரு பள்ளி அல்ல, நல்ல கற்பித்தல் என்பது அன்றே பேசி முடித்த விஷயம்.

அதே காலத்தில் இதற்கு எதிரான ஒரு முறையும் இருந்தது. ஆய்வாளர் வரும் நாளில் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்குத் தக்க மானியம். இங்கிலாந்தில் 1862இல் தொடங்கிய ஏற்பாடு, சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தேறமாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளைகளால் பள்ளிக்குக் காசு வராது. அப்போது எந்தப் பிள்ளையைச் சேர்ப்பார்கள், யாருக்குச் சொல்லித்தருவார்கள்? இங்கிலாந்தே 1890களின் இறுதியில் அதைக் கைவிட்டது. எண்ணை மட்டும் கேட்டால் பள்ளி எண்ணைத்தான் கொடுக்கும். இன்றைக்குச் செயலியில் எல்லாப் பிள்ளைக்கும் பச்சை நிறம் காட்டுவதும் அதே கதைதான்.

தமிழ்நாட்டில் நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம், பெரியவர்களுக்கு அகரவரிசையைத் திணிக்காமல், ‘பட்டா’, ‘படி’ என்ற சொற்களிலிருந்து எழுத்தைத் தொடங்கியது. நிலமும் எழுத்தும் மறுபடி ஒன்றாக வந்ததைக் கவனியுங்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க வந்தது. அட்டைகள், ஏணி, பிள்ளையின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறலாம் என்பது அதன் உயிர். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்த இடங்களில் அது நன்றாக நடந்தது. அட்டையைக் கொடுத்துவிட்டு எழுந்துபோன இடங்களில் பிள்ளை ஏணியின் முதல் படியிலேயே நின்றது.

2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தரும் ஏற்பாடு. நல்ல யோசனை. ஆனால் அரும்பு என்ற பெயரே அது மலரப்போகிறது என்ற வாக்குறுதி. ஜூனில் அரும்பாக இருந்த பிள்ளை ஏப்ரலிலும் அரும்பு, அடுத்த ஆண்டும் அரும்பு என்றால் அது நிலை அல்ல, முத்திரை. அரும்பில் உட்கார்ந்திருப்பது எந்தத் தெருப் பிள்ளைகள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எல்லாம் ஒரே தெருவாக இருந்தால், அந்த வகுப்பறைக்குள் ஊரும் சேரியும் வேறு பெயரில் வந்து உட்கார்ந்துவிட்டன என்று பொருள்.

‘அதுங்களுக்கு ஏறாது’ என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய்க்கு, நம் தெருவில் படித்த பெண்களே மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லித்தந்தார்கள். கார்த்திக் முரளிதரனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அளந்து பார்த்தார்கள். பள்ளி மூடியிருந்த காலத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகள்தான் வேகமாக ஏறினார்கள். சொல்லிக்கொடுத்தால் ஏறுகிறது. அவ்வளவுதான்.

கணக்கிலும் இதே கதை. சந்தையில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளைப் பற்றிய ஒரு ஆய்வு 2025இல் வெளிவந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரும் அதில் இருந்தார்கள். மனக்கணக்கில் சில்லறையைச் சரியாகக் கொடுக்கும் பிள்ளைகள், பள்ளிப் பாணியில் அதே கணக்கைக் கொடுத்தால் தடுமாறினார்கள். அறிவு பிள்ளையிடம் இருக்கிறது. அதற்கும் கடன் வாங்கிக் கழித்தலுக்கும் நடுவே பாலம் போடுவது ஆசிரியர் வேலை.

இந்த வாசிப்பு வராமல் போனால் என்ன ஆகும்? இந்த மலையடிவாரத்தில் இதைச் சொல்லும்போது 2015 ஏப்ரல் 7ஐ நினைக்காமல் இருக்க முடியாது. சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவார ஊர்களையும் சேர்ந்தவர்கள். கூலி என்று சொல்லி அழைத்துப்போகப்பட்டவர்கள். அவர்களைக் கொன்றது கல்வியின்மை என்று சொன்னால் அது துப்பாக்கி பிடித்தவனுக்கு நல்லபெயர் வாங்கித் தருவதாகும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் ஏஜெண்டைத் தவிர வேறு வழி இல்லாத வாழ்க்கை எங்கே தொடங்குகிறது என்று தேடிக்கொண்டு போனால், ஒரு இடத்தில் மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசை வரும். அதே மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, 2024இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றிபெற்றார். குழந்தை பிறந்த சில நாளில் போய்த் தேர்வு எழுதியவர். நம் எல்லோருக்கும் பெருமை. அவர் ஏறிவிட்டார் என்பதால் படிக்கட்டு சரியாக இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

இனி நாம் என்ன செய்யவேண்டும்? பின்வரிசையில் இருக்கும் அம்மாமார்களுக்கு முதலில் சொல்கிறேன். எனக்கே படிக்கத் தெரியாது, நான் எப்படிப் பார்ப்பது என்று நினைக்காதீர்கள். பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து, ஒரு வரியின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வையுங்கள். ‘இது என்னடா கண்ணு?’ என்று கேளுங்கள். பிள்ளை அந்தச் சொல்லை நேராகச் சொன்னால் வாசிக்கிறது. முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் நின்றால், மனப்பாடம் செய்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எழுத்துத் தெரியவேண்டியதில்லை. அடுத்து, புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கொடுங்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை. மூன்றாவது, நோட்டைப் பாருங்கள். சிவப்பு மையில் வெறும் ‘சரி’ குறி மட்டும் வரிசையாக இருக்கிறதா, தப்பைச் சுழித்து பக்கத்தில் சரியாக எழுதிக்காட்டியிருக்கிறார்களா? சுழித்துக் காட்டியிருந்தால் அந்த ஆசிரியர் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்து ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள்.

பிறகு பள்ளிக்குப் போங்கள். ‘எங்க பொண்ணு எப்படி சார் படிக்குது?’ என்று கேட்டால் ‘நல்லா படிக்குதும்மா, தினமும் அனுப்புங்க’ என்று பதில் வரும். அது பதில் அல்ல. ‘ஜூன்ல எந்த நிலையில இருந்துது சார், இப்ப எங்க இருக்குது?’ என்று கேளுங்கள். இதைக் கேட்க நீங்கள் யாரிடமும் தயவு வாங்கவேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தரவேண்டும் என்கிறது. பெற்றோரை அடிக்கடி கூட்டி, பிள்ளையின் வருகை, கற்றல் முன்னேற்றம் இரண்டையும் தெரிவிக்கவேண்டும் என்கிறது. இது ஆசிரியரின் கடமை என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறது. அதே பிரிவு, ஆசிரியரின் குறைகளைத் தீர்க்க வழி செய்யவேண்டும் என்றும் சொல்கிறது. 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்த்து ஆசிரியரை வேறு கல்விசாரா வேலைக்கு இழுக்கக் கூடாது என்கிறது. ஆசிரியருக்காக நாம் இதைக் கேட்கவேண்டும். அவருடைய 96 நிமிடம் நம் பிள்ளையின் சொத்து.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், பின்தங்கிய பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதம் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. நம் ஆட்கள் அதில் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறோம். சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, கழிவறை பற்றிப் பேசுகிறோம். அவையும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பத்து நிமிடம் எழுத்தைப் பற்றிப் பேசவேண்டும். எந்தப் பிள்ளைக்கு இன்னும் வாசிக்க வரவில்லை, அதற்கு யார், எந்த நேரத்தில் சொல்லித்தரப் போகிறார்கள், அடுத்த கூட்டத்தில் என்ன காட்டப் போகிறார்கள் என்று குறிப்பேட்டில் எழுதவேண்டும். பிள்ளையின் பெயரைப் பொதுவில் சொல்லி அவமானப்படுத்தாமல், எண்ணிக்கையாக எழுதினால் போதும்.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ தன்வரலாற்றை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். பள்ளிக்குப் போன சிறுவனைத் தலைமையாசிரியர் பாடம் கேட்க விடாமல் நாள்கணக்கில் மைதானத்தைப் பெருக்க வைக்கிறார். அந்த வழியாக வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்து, தலைமையாசிரியரோடு சண்டை போடுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அப்பா பள்ளிக்குள் நுழைந்து கேள்வி கேட்டார், இந்திய தலித் இலக்கியத்தின் பெரிய புத்தகம் ஒன்று நமக்குக் கிடைத்தது. நம் தன்வரலாறுகளில் பள்ளிக்கூடம் வராத புத்தகமே அநேகமாக இல்லை. ஆகவே இது இலக்கிய மன்றத்தின் வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் தெருவில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வாரத்தில் மூன்று மாலை, ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். இன்னும் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்குத் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குங்கள். அதன் பெயர், ஊர்ப் பெயர், சாமை, பலா, புளி. எட்டு வயதுப் பிள்ளைக்காக நம் வாழ்க்கையைச் சொல்லும் கதைகள் நம்மிடம் மிகக் குறைவு. எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்கு நான்கு வரி. அதை மன்றம் அச்சடிக்கட்டும். பள்ளிக்குப் பதிலாக இதைச் செய்யச் சொல்லவில்லை. பள்ளியைக் கேள்வி கேட்கும் தகுதியும் விவரமும் நமக்கு வரவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் தெருக் கணக்கு கையில் இருந்தால், வட்டாரக் கல்வி அலுவலரிடம் போகும்போது கோபத்தோடு மட்டும் போகமாட்டீர்கள், ஒரு தாளோடு போவீர்கள்.

பண்டிதர் நான்காம் வகுப்பு வரை என்று கேட்டு 130 ஆண்டுக்கு மேல் ஆகிறது. கட்டடம் வந்துவிட்டது. சோறு வந்துவிட்டது. புத்தகம் இலவசமாக வருகிறது. நான்காம் வகுப்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது, பதிவேட்டில். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒரு பக்கத்தைத் தானாக வாசித்துப் பொருள் சொல்கிற நாளில்தான் அவர் கேட்டது கிடைத்தது என்று கணக்கில் எழுத முடியும். வருகிற மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு உங்கள் ஊரில் யார் போகிறீர்கள் என்று இன்றைக்குப் புறப்படும் முன் பேசி முடிவு செய்யுங்கள்.

ஜெய்பீம்.